நிறுத்தினால் யாரும் கேட்காத இதழ்

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை விலையில்லாமல் அச்சிட்டுக் கொடுக்கும் இதழ்கள் உண்டு. நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ‘ஊஞ்சல்’. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ‘தேன்சிட்டு’. ஆசிரியர்களுக்குக் ‘கனவு ஆசிரியர்’. மூன்றும் 2022-ல் தொடங்கியவை. கதை, படக்கதை, புதிர், அறிவியல் செய்தி, பிள்ளைகள் தாங்களே எழுதியதும் வரைந்ததும் என்று வண்ணத்தில் வருகின்றன. கடையில் தொங்குவதில்லை. அதனாலேயே, பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்காத குடும்பங்களுக்கு இப்படி ஓர் இதழ் வருவதே தெரியாது.

யாருக்கும் தெரியாத செலவை வெட்டுவது எளிது. மதிய உணவில் ஒரு நாள் முட்டை போடாவிட்டால் அன்று மாலையே வீடுகளில் கேள்வி எழும். இதழ் ஒரு பருவம் முழுக்க வராமல் போனாலும் கேட்க ஆளிருக்காது. நிதி இறுகும் காலத்தில் இந்த இதழ்களைக் காப்பாற்ற வேண்டுமா, வேண்டுமென்றால் இப்போது இருக்கிறபடியேவா என்பதுதான் என் கேள்வி. பிள்ளைகளுக்கான எதையும் நிறுத்தக் கூடாது என்ற பொதுவான பாசம் இதற்குப் பதிலாகாது. வெட்டச் சொல்பவர்களின் வாதத்தையும் முழுதாகக் கேட்டுத்தான் தீர்ப்புக்கு வர வேண்டும்.

காசு எங்கே இறுகியது

பள்ளிக் கல்விக்கு ஒன்றிய அரசிடமிருந்து மாநிலங்களுக்கு வரும் பெரும் பணம் ‘சமக்ர சிக்‌ஷா’ என்கிற ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் வழியே வருகிறது. 2018-ல் பழைய திட்டங்களை ஒன்றாக்கி உருவானது அது. நூறு ரூபாயில் அறுபது ஒன்றியத்தின் பங்கு, நாற்பது மாநிலத்தின் பங்கு. 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட மொத்தம் ஏறத்தாழ 3,586 கோடி ரூபாய். அதில் ஒன்றியத்தின் பங்கான 2,152 கோடி அந்த ஆண்டில் வரவில்லை. ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றதாகிவிடும் என்று மாநிலம் மறுத்தது. கையெழுத்து இல்லாமல் பணமில்லை என்றது ஒன்றியம். 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது.

இந்தப் பணத்தில்தான் ஆயிரக்கணக்கான ஊழியர்களின் சம்பளமும், மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான உதவியும், ஆசிரியர் பயிற்சியும் ஓடுகின்றன. பள்ளி நூலகத்துக்கான மானியமும் இதற்குள்தான்: தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாயில் தொடங்கி மேல்நிலைப் பள்ளிக்கு 20,000 ரூபாய் வரை. நின்றுபோன திட்டங்களை மாநிலம் தன் கைக்காசில் நடத்துவதாக 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கை சொன்னது. நல்லதுதான். ஆனால், 2,152 கோடி ரூபாய்ப் பள்ளத்தை நிரப்பும் அரசு வேறெங்கோ சிக்கனம் பார்த்தே ஆக வேண்டும். அப்போது சம்பளத்தில் கைவைக்க முடியாது, கட்டடத்தைப் பாதியில் நிறுத்த முடியாது. சட்டக் கட்டாயமோ சங்கமோ வழக்குப் போடும் ஒப்பந்தக்காரரோ பின்னால் இல்லாத செலவுதான் முதலில் கண்ணில் படும். பள்ளி இதழ் அப்படிப்பட்ட செலவு.

மூன்று உரைகற்கள்

அரசு செலவில் வரும் பள்ளி இதழை எதைக்கொண்டு அளப்பது? எத்தனை லட்சம் பிரதி அச்சானது என்பது அச்சகத்தின் கணக்கு. அதைப் படிப்பின் அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. நான் மூன்று கேள்விகளை வைக்கிறேன். இதழ் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேருகிறதா? பாடப்புத்தகம் தராத எதையாவது தருகிறதா? அதிகாரி மாறினாலும் ஆட்சி மாறினாலும் நிற்குமா?

மூன்றிலும் தேறிய இதழ் ஒன்று நியூசிலாந்தில் இருக்கிறது. ‘ஸ்கூல் ஜர்னல்’ என்ற அந்த இதழ் 1907-ல் தொடங்கியது. நாட்டின் பிள்ளைகள் இங்கிலாந்திலிருந்து வந்த வாசகப் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், சொந்த மண்ணைப் பற்றிப் படிக்கட்டும் என்று கல்வித் துறையே விலையில்லாமல் பள்ளிகளுக்கு அனுப்பியது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சிறார் எழுத்தாளர் மார்கரெட் மாஹி அதில்தான் எழுதிப் பழகினார். அவருடைய சிங்கக் கதையை 1960-களில் அந்த இதழில் கண்ட அமெரிக்கப் பதிப்பாளர் ஒருவர் தேடிவந்து புத்தகமாக்கினார். இதழை வெளியிட்டுவந்த அரசு நிறுவனம் 2013-ல் மூடப்பட்டது. இதழ் மூடப்படவில்லை. கல்வி அமைச்சகம் வேறொரு வெளியீட்டாளரிடம் பணியை ஒப்படைத்துத் தொடர்ந்தது. நிறுவனத்தின் உயிரும் இதழின் உயிரும் அங்கே தனித்தனியாக இருந்தன.

நம் நாட்டில் அப்படி நடக்கவில்லை. ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் 1989-ல் தொடங்கப்பட்ட ‘விஞ்ஞான் பிரசார்’ என்ற அமைப்பு, 1998 அக்டோபர் முதல் ‘டிரீம் 2047’ என்ற அறிவியல் மாத இதழை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டது. பிறகு பிற மொழிகளுக்கும் விரிந்தது. தமிழில் ‘அறிவியல் பலகை’ வந்தது. எளிய மொழியில், பிழையில்லாமல், இந்திய அறிவியலைச் சொன்ன இதழ்கள் அவை. இரண்டாவது கேள்வியில் முழு மதிப்பெண் தரலாம். ஆனால், நிதிச் சிக்கனம், அமைப்புகளைக் குறைத்தல் என்ற பெயரில் 2023-ல் விஞ்ஞான் பிரசார் மூடப்பட்டபோது நாட்டில் பெரிய சலசலப்பு எழவில்லை. அறிவியலாளர்கள் சிலர் வருந்தி எழுதினார்கள், அவ்வளவுதான். இதழ்கள் ஆசிரியர் மேசைக்கும் மன்றப் பொறுப்பாளரின் அலமாரிக்கும் போயின. பிள்ளையின் வீடுவரை பரவலாகப் போனதில்லை. முதல் கேள்வியில் சறுக்கியது மூன்றாவதில் உயிரைப் பறித்தது. வீட்டுக்குள் போகாத இதழுக்கு வீட்டிலிருந்து யாரும் குரல் கொடுக்க வரமாட்டார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே இன்னொரு வகை இதழும் இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் ‘துளிர்’. அரசு செலவில் நடப்பதல்ல அது. ஆசிரியர்களும் தொண்டர்களும் பள்ளி பள்ளியாகப் போய்ச் சந்தா சேர்க்கிறார்கள். எத்தனையோ ஆட்சிகளையும் கல்விச் செயலர்களையும் கடந்து நிற்கிறது. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் 1970-ல் தொடங்கிய ‘யுரேகா’வும் இதே வழி. மூன்றாவது கேள்வியில் இவற்றை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சந்தா கட்டும் பிள்ளைக்குத்தான் இதழ். சந்தா சேர்க்கும் ஆர்வமுள்ள ஆசிரியர் இருக்கும் பள்ளிக்குத்தான் இதழ். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்த ஆண்டு அந்தப் பள்ளி பட்டியலில் இருக்காது. தமிழ்நாட்டின் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை இந்த வழியில் எட்ட முடியாது. எட்டும்படி அந்தத் தொண்டர்களைக் கேட்பதும் நியாயமில்லை.

வணிக இதழ்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1947-ல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ நின்றுவிட்டது. ‘சுட்டி விகடன்’ கொரோனாக் காலத்தோடு நின்றது. சிறாருக்கான அச்சிதழைச் சந்தை தாங்காது என்பது இருபது ஆண்டுகளில் தெளிவாகிவிட்டது. ஆகவே ‘தேன்சிட்டு’ நின்றால் அந்த இடத்துக்குக் கடையிலிருந்து ஒன்று வந்துவிடும் என்று நம்பி உட்கார இடமில்லை.

எங்கள் பக்கத்தில் இதழுக்கு என்ன வேலை

இதை நான் சேலம், நாமக்கல் பக்கமிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் படிப்பு என்றால் மதிப்பெண் என்று ஆக்கிக்காட்டிய நிலம் இது. ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் சுற்றுவட்டாரத்து விடுதிப் பள்ளிகளுக்கு மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். கோழிப் பண்ணையில் போல அடைத்துவைத்துப் பழக்கியதால் ‘பண்ணைப் பள்ளி’ என்றே அவற்றுக்குப் பெயர் விழுந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாளுக்கு இரண்டு ஆண்டு பழக்குவது அங்கே வழக்கமாயிருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. அதே 2017-ல் முதலிடம், இரண்டாமிடம் என்று தரவரிசை அறிவிப்பதை அரசு கைவிட்டது. அறிவிப்பு நின்றது, மனப்பான்மை முழுதாக நிற்கவில்லை. இன்றும் இந்தப் பக்கம் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு புத்தகத்தோடு பிள்ளை உட்கார்ந்தால், “பரீச்சைக்கு இதெல்லாம் வருமா?” என்பதுதான் பெரியவர்களின் முதல் கேள்வி.

மறுபக்கம், இங்கே அரசுப் பள்ளியில் யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிப்பட்டறைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். சேலத்தில் கொலுசுப் பட்டறைத் தொழிலாளிகளின் பிள்ளைகள். சேகோ ஆலைகளிலும் கோழிப் பண்ணைகளிலும் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகளும் தமிழ் வழியில் படிக்கிறார்கள். லாரி ஓட்டுநரின் வீட்டிலும், ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்துக்குப் போனவரின் வீட்டிலும் அப்பா மாதக்கணக்கில் ஊரில் இருக்க மாட்டார். பெரும்பாலான இந்த வீடுகளில் பாடப்புத்தகத்தைத் தவிர அச்சடித்த தாள் என்று ஒன்று இருந்தால் அது நாட்காட்டியாகத்தான் இருக்கும்.

ராசிபுரம் பக்கத்தில் ஓர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ‘தேன்சிட்டு’க் கட்டைப் பிரித்த நேரத்தில் உடனிருந்திருக்கிறேன். பிள்ளைகள் அட்டைப்படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, பிள்ளைகள் எழுதிய பக்கத்துக்குத்தான் நேராகப் போனார்கள். கதையைப் படிப்பதற்கு முன் எழுதியவரின் பெயர், வகுப்பு, பள்ளி, மாவட்டம். “நம்ம ஜில்லா யாராச்சும் இருக்குதா பாரு” என்று ஒருத்தி விரலால் வரிசையாகத் தேடினாள். அப்புறம்தான் கதை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பையன் ஒருவன் படக்கதையில் ஒவ்வொரு பேச்சுக் குமிழாக விரல் வைத்து, உதடு அசைத்து, கடைசிக் கட்டம் வரை போனான். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்தைத் தாண்டாதவன் என்றார் ஆசிரியர். மணி அடித்ததும் அவனே வந்து, “வூட்டுக்கு எடுத்துட்டுப் போலாங்களா சார்?” என்று கேட்டான். “கொண்டு போ கண்ணு. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு” என்றார் ஆசிரியர்.

இரண்டாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை. பாடப்புத்தகத்தில் வரும் கதைக்குப் பின்னால் வினாக்கள் நிற்கின்றன. இதழில் வரும் கதைக்குப் பின்னால் அடுத்த கதை நிற்கிறது. தன்னைப் போன்ற ஒருத்தி, தன் மாவட்டத்துக்காரி, அச்சில் வரலாம் என்ற செய்தியைப் பாடப்புத்தகம் சொல்லாது. பெயர் அச்சில் வருவது கவிஞர்களுக்கும் தலைவர்களுக்கும் மட்டுமே என்று நினைத்து வளரும் பிள்ளைக்கு அது பெரிய செய்தி.

அதே வட்டாரத்தில் வேறொரு பள்ளியில் பழைய இதழ்கள் பீரோவுக்குள் இருந்தன. கட்டிய கயிறுகூடப் பிரிக்கவில்லை. கிழித்துவிடுவார்கள் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம் இருப்புப் பதிவேடு: வந்தது இத்தனை, இருப்பு இத்தனை என்று கணக்குக் கேட்டால் காட்ட வேண்டுமே! பிள்ளையிடம் கொடுத்த இதழ் கணக்கில் குறைவாகிறது. பீரோவில் பூட்டிய இதழ் கணக்கில் சரியாக இருக்கிறது. தலைமை ஆசிரியரைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. படித்துக் கிழிந்ததை இழப்பு என்று எழுதும் முறைதான் பிழை. முதல் கேள்வியில் ‘தேன்சிட்டு’வும் ‘ஊஞ்ச’லும் பள்ளிக்குப் பள்ளி தேறுகின்றன, தோற்கின்றன. வெட்டச் சொல்பவர்களின் முதல் ஆயுதம் இதுதான். அது பொய்யான ஆயுதமும் இல்லை.

வெட்டச் சொல்பவர்களின் வாதம்

முதல் வாதம்: வேறு அவசரத் தேவைகள் இருக்கின்றன. ஓராசிரியர் பள்ளிகள், ஒழுகும் கூரை, தண்ணீர் வராத கழிப்பறை. உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2025-26-ல் பள்ளிக் கல்வித் துறைக்கு மாநில அரசு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். இதழ்களுக்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி ஆகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் ஏறத்தாழ 4,700-ல் ஒரு பங்கு. இருபது கோடி என்றே வைத்தாலும் 2,300-ல் ஒரு பங்கு. இதை நிறுத்தி மிச்சப்படுத்தும் பணத்தால் மாநிலத்தின் கூரைகளைச் செப்பனிட முடியாது, ஆசிரியர் பணியிடங்களை நிரப்பவும் முடியாது. சிறு செலவை வெட்டினால் சிக்கனம் செய்ததுபோலத் தோன்றும். பள்ளம் அப்படியே இருக்கும்.

இரண்டாவது வாதம்: இணையத்தில் ஏற்றிவிட்டால் போதாதா? இதற்கான சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. கொரோனாக் காலத்தில் பாடம் திரைக்குப் போனது. என்ன ஆனது என்பதை ‘இல்லம் தேடிக் கல்வி’யே சொல்கிறது. 2021 அக்டோபரில் தெருத்தெருவாகத் தன்னார்வலர்களை உட்காரவைத்து அரசு பாடம் சொல்லிக்கொடுத்தது, திரை எட்டாத பிள்ளைகள் அத்தனை பேர் என்பதால்தானே? இந்தப் பக்கத்து வீடுகளில் கைப்பேசி ஒன்று இருந்தால் அது அப்பாவோடு லாரியில் போய்விடும். இரண்டு இருந்தால், பட்டறையிலிருந்து அம்மா வந்த பிறகு, டேட்டா மிச்சமிருந்தால், பிள்ளையின் கைக்கு வரும். வந்தபின் அந்தத் திரையில் ‘தேன்சிட்டு’ எதனோடெல்லாம் போட்டியிட வேண்டும் என்பதைப் பிள்ளை வளர்க்கும் எவரும் அறிவர். இணையப் பதிப்பு கூடுதலாக இருக்கட்டும். அச்சுக்கு மாற்றாக அதை வைப்பது, மூடுவதை மூடுதல் என்று சொல்லாமல் செய்வது.

மூன்றாவது வாதம் கனமானது: அரசு நடத்தும் இதழ் ஆட்சியின் ஊதுகுழலாகிவிடும். இந்த ஆபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2011-ல் நடந்ததை நாம் பார்த்தோம். ஆட்சி மாறியது, எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக அச்சாகித் தயாராக இருந்த சமச்சீர்க் கல்விப் புத்தகங்கள் பிள்ளைகளுக்குத் தரப்படவில்லை. பள்ளி திறந்தும் கையில் புத்தகமில்லாமல் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் புத்தகம் வந்தது. முந்தைய ஆட்சியை நினைவூட்டும் பகுதிகள் தாள் ஒட்டி மறைக்கப்பட்டன. பாடப்புத்தகத்துக்கே அந்தக் கதி என்றால் இதழ் எம்மாத்திரம்?

அதே 2011 வேறொன்றையும் கற்றுத் தந்தது. சமச்சீர்க் கல்வி பிழைத்தது, அதற்கென்று 2010-ல் இயற்றிய சட்டம் இருந்ததால். நீதிமன்றத்தில் போய் நிற்க ஒரு தரை இருந்தது. ‘ஊஞ்ச’லுக்கும் ‘தேன்சிட்டு’வுக்கும் அப்படி ஒரு தரை இல்லை. துறையின் விருப்பத்தில் பிறந்தவை, துறையின் விருப்பம் உள்ளவரை வாழ்பவை. மூன்றாவது கேள்வியில் இவை இன்று தேறவில்லை. மாநிலக் கல்வி இதழ் என்ற நிலையிலிருந்து ஒரு காலத்துத் திட்டம் என்ற நிலைக்கு இறங்கிவிடும் ஆபத்து இவற்றின் ஒவ்வோர் இதழிலும் இருக்கிறது. அமைச்சர் படமும் திட்ட விளம்பரமும் எத்தனை குறைகின்றனவோ அத்தனை ஆண்டு ஆயுள் கூடும்.

நான்காவது வாதத்தை ஆசிரியர்கள் மெல்லிய குரலில் சொல்வார்கள்: ஏற்கெனவே வேலைப்பளு. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் பதிவு, ‘வாசிப்பு இயக்க’ப் புத்தகம், மன்றச் செயல்பாடு, இணையத்தில் வருகைப் பதிவு, இதற்கு நடுவே இதழையும் ‘நடத்த’ச் சொன்னால்? அவர்கள் சொல்வது சரி. பதிலும் அதிலேயே இருக்கிறது. இதழை நடத்தவே கூடாது. அதற்குப் பாடத்திட்டம், படிவம், நிழற்படம் எடுத்து அனுப்பும் கட்டாயம் எதுவும் வேண்டாம். இதழை வைத்து மதிப்பெண் போட்டி தொடங்கிவிட்டால், பண்ணைப் பள்ளியின் மனம் அந்தப் பக்கங்களுக்குள்ளும் நுழைந்துவிடும். விடைக்காகப் படிக்கும் இன்னொரு புத்தகமாக அது சுருங்கிவிடும். 2023-ல் வந்த ‘வாசிப்பு இயக்க’ப் புத்தகங்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி வைத்தார்கள். படிக்கத் தெரிவதற்கும் படிக்கப் பிடிப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை உணர்ந்து செய்த ஏற்பாடு அது. ‘பற’ வரை வந்த பிள்ளை அதன்பின் எங்கே பறப்பது? பதினைந்து நாளுக்கோ மாதத்துக்கோ ஒரு முறை தவறாமல் புதிதாக வரும் ஒன்று வேண்டும். புத்தகம் தர முடியாத அந்தத் தொடர்ச்சியை இதழ்தான் தரும்.

தீர்ப்பு

காப்பாற்ற வேண்டும். தயக்கமில்லாமல் சொல்கிறேன். இந்த இதழ்களுக்கு ஈடாகச் சந்தையில் எதுவுமில்லை, தொண்டு அமைப்புகளால் இத்தனை பள்ளியை எட்ட முடியாது, செலவோ துறையின் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத அளவு. பாடப்புத்தகம் தராததைத் தருகின்றன. அச்சு எட்டாத வீட்டுக்கு அச்சைக் கொண்டுபோகும் வேறு கருவி நம் கையில் இல்லை. ஆனால், இப்போது இருக்கிறபடியே காப்பாற்றுவது காப்பாற்றியதாகாது. மூன்று கேள்விகளில் ஒன்றில் நன்றாகவும், ஒன்றில் பாதியும், ஒன்றில் தேறாமலும் இருக்கும் இதழை அடுத்த நெருக்கடி கொண்டுபோய்விடும்.

முதலில் பணம். ஒன்றியப் பணத்தை நம்பியோ துறையின் பொதுச் செலவுக்குள் கரைத்தோ இதழை வைக்கக் கூடாது. தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும். அதற்கு முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1948-ல், விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம்தான். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் கனவு கண்டதற்குக் கோவைப் பக்கத்து அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்து உருக்கொடுத்தார். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கும் முறை அதில் வந்தது. இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. உள்ளாட்சிகள் நிலுவை வைக்கின்றன என்பது பழைய குறை. இருந்தாலும், எழுபத்தைந்து ஆண்டுகளாக எந்த ஆட்சியாலும் நூலகத்தை மூடிவிட முடியாமல் காத்தது அந்தச் சட்டம்தான். சிறார் இதழுக்கும் அந்த வரியில் ஒரு சிறு பங்கைச் சட்டப்படி ஒதுக்கலாம்.

இரண்டாவது ஆசிரியர் குழு. சிறார் எழுத்தாளர், ஓவியர், அரசுப் பள்ளி ஆசிரியர் கொண்ட குழுவுக்குக் குறிப்பிட்ட ஆண்டுப் பதவிக்காலம் தர வேண்டும். செயலர் மாறினால் குழு மாறக் கூடாது. அரசியல்வாதி எவரின் படமும் உள்ளே வரக் கூடாது என்பதை எழுதிவைத்த விதியாக்க வேண்டும். கட்சி எதுவானாலும் அடுத்து வருகிறவர் கிழித்தெறியக் காரணம் கொடுக்காமல் இருப்பதே இதழுக்குச் செய்யும் பெரிய காவல்.

மூன்றாவது, பிரதி பிள்ளையுடையது. இருப்புப் பதிவேட்டிலிருந்து இதழை எடுத்துவிடுங்கள். வந்த அன்றே கொடுத்துவிட வேண்டும். திரும்பக் கேட்கக் கூடாது. ஆய்வுக்கு வரும் வட்டாரக் கல்வி அலுவலர் பீரோவைத் திறந்து பார்க்கட்டும்: கட்டுப் பிரிக்காத இதழ் இருந்தால் அதுதான் குறையாக எழுதப்பட வேண்டும்.

பணம் உண்மையிலேயே போதாவிட்டால் எதை வெட்டலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழவழப்பான தாளைச் சாதாரணத் தாளாக்கலாம். பதினைந்து நாளுக்கு ஒன்றை மாதம் ஒன்றாக்கலாம். வெளியீட்டு விழாவை முழுதாக விட்டுவிடலாம். பிள்ளைகள் எழுதும் பக்கத்தை மட்டும் தொடக் கூடாது. பிரதி எண்ணிக்கையையும் குறைக்கக் கூடாது. வகுப்புக்கு ஒன்று என்று சுருக்கினால் அது மறுபடி பீரோவுக்குத்தான் போகும்.

இதையெல்லாம் செய்யச் சொல்லி யார் கேட்பது? முட்டையின் கதையை நாமக்கல்லுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று சத்துணவில் சேர்ந்தது முட்டை. செலவு அதிகம், சோறு போதாதா என்ற பேச்சுகளைத் தாண்டி 2010-ல் வாரம் ஐந்தாக வளர்ந்தது. ஆட்சிகள் மாறின, எவரும் அதில் கைவைக்கவில்லை. தட்டில் முட்டை இல்லாவிட்டால் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும், தாய் பள்ளிக்கு வந்து கேட்பாள் என்பது எல்லா ஆட்சிக்கும் தெரியும். இதழுக்கும் அந்த நிலை வர வேண்டும். அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கும் பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்த மாதத்து இதழ் எங்கள் பிள்ளை கைக்கு வந்ததா? 37 ஆயிரம் பள்ளிகளில் அந்தக் கேள்வி பதிவேட்டில் ஏறிவிட்டால், நிதித் துறையின் எந்தக் கத்தரியும் இந்தப் பக்கம் எளிதில் வராது.